முகத்தைத் தொட விடாத மகனுக்கு முகத்தூண்டல் பயிற்சி செய்யலாமா?

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது நிறைகிறது. பெருமூளை வாதம் இருப்பதாக ஒன்றரை வயதில் சொன்னார்கள். வலிப்புக்கு மருந்து எடுத்துக்கொள்கிறான். சாய்த்து வைத்தால் உட்காருவான். நாம் பேசுவது அவனுக்குப் புரிகிறது. ஆனால் ‘மா’, ‘ஆ’ தவிர வேறு ஒலி வரவில்லை. எச்சில் நிற்காமல் வடிகிறது. முகத்தைத் தொட்டாலே தலையைத் திருப்பிக்கொள்கிறான். பல் துலக்க நானும் என் கணவரும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு காணொளியில், கன்னத்தையும் உதட்டையும் தினமும் இருபது இருபது முறை தேய்த்து, ஐஸ் வைத்து, அதிரும் பிரஷால் தடவினால் மூன்று மாதத்தில் பேச்சு வந்துவிடும் என்கிறார்கள். என் மாமியார் எண்ணெய் தேய்த்து மூக்கையும் தாடையையும் நீவிவிடுகிறார். நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். இந்தப் பயிற்சியை வீட்டில் நாங்களே செய்யலாமா? எப்படி, எவ்வளவு நேரம்? பேச்சு வருமா?

– ஓர் அம்மா, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்:

அன்புள்ள சகோதரி, வணக்கம்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படித்தால்தான் இந்தப் பயிற்சியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது விளங்கும். கன்னத்தையும் உதட்டையும் தேய்ப்பதால் பேச்சு வராது. மூன்று மாதத்தில் வரும் என்று நாள் குறிக்கிறவர் யாராக இருந்தாலும், உங்கள் மகனைப் பார்க்காமலேயே அப்படிச் சொல்கிறார். பேச்சொலிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு, பேச்சு கலவாத வாய்த்தசைப் பயிற்சிகள் பயன்படுகின்றனவா என்று 2015-இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு அலசியது. பயன் உண்டு என்று சொல்லும் அளவுக்கு வலுவான சான்று அதற்குக் கிடைக்கவில்லை. அது உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளைக் குறித்த ஆய்வு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அதன் பின்னுள்ள காரணம் அவனுக்கும் பொருந்தும். முகத்தின் தொடுவுணர்வை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாம் மூளை நரம்பு. உதட்டைக் குவிக்கவும் மூடவும் மூளை அனுப்பும் ஆணையைக் கொண்டுவருவது ஏழாம் நரம்பு. நாம் தேய்ப்பது உள்ளே போகும் செய்தி. உதடு அசைவதோ பிள்ளையின் மூளையிலிருந்து வெளியே வர வேண்டிய ஆணை. மேலும், பேசும்போது உதடும் நாக்கும் தம் பலத்தில் ஒரு சிறு பங்கையே செலவிடுகின்றன. பல தசைகள் ஒன்றன்பின் ஒன்றாக, நொடிப்பொழுதில், வரிசை பிசகாமல் இயங்குவதில்தான் பேச்சின் கடினம் இருக்கிறது. அந்த வரிசையை மூளை ஒலித்துப் பார்த்துத்தான் கற்கிறது. அம்மியில் அரைத்து அரைத்துக் கை உரமேறிய ஒருத்திக்கு அந்த உரத்தாலேயே கோலம் போட வந்துவிடுவதில்லை.

அதனால் இந்தப் பயிற்சி வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளராக என் நாளில் பாதி, உணவு ஊட்டுவதைச் சுற்றியே கழிகிறது. முகத்தை மெல்லத் தொட்டுப் பழக்குவதைப் பெற்றோருக்கு நான் அடிக்கடி கற்றுக்கொடுக்கிறேன். ஒரு கை தன் முகத்தை நோக்கி வரும்போது பிள்ளை இறுகிப்போகாமல் இருக்க வேண்டும். கரண்டி உதட்டில் பட்டதும் தலையைப் பின்னுக்குத் தள்ளாமல் இருக்க வேண்டும். ஒருவரே நின்று பல் துலக்கிவிட முடிய வேண்டும். பயிற்சியின் நோக்கம் இவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பல் துலக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கும் வீட்டில் இது சிறிய காரியம் ஆகாது. அவன் வளர்வான், இன்னும் நான்கு வருடத்தில் மூன்று பேர் பிடிக்க வேண்டி வரும்.

உங்கள் மகன் ஏன் தலையைத் திருப்புகிறான் என்று யோசித்துப் பாருங்கள். மூளையின் மேற்பரப்பில் உடலின் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு இடம் என்று 1930-களில் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற நரம்பு அறுவை மருத்துவர் வரைந்து காட்டினார். அந்த வரைபடத்தில் முதுகு முழுவதற்கும் கிடைக்கும் இடத்தைவிட உதடுகளுக்கும் நாக்குக்கும் கிடைக்கும் இடம் பெரிது. அத்தனை கூர்மையான இடத்தில் உங்கள் மகனுக்கு இதுவரை கிடைத்த தொடுதல்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காலையில் மருந்து ஊசிக்குழல், பிறகு பிரஷ், பிறகு கரண்டி, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு துடைப்பு, நாள் முழுதும் எச்சில் துண்டு, இரவில் மறுபடியும் மருந்து. இவற்றில் எதையும் அவன் கேட்டு வாங்கவில்லை; எதையும் வேண்டாம் என்று சொல்லித் தடுக்கவும் அவனால் முடிவதில்லை. தலையைத் திருப்புவது ஒன்றுதான் அவன் கையில் இருக்கும் சொல். அதையும் பிடித்து நிறுத்திவிட்டு இருபது முறை தேய்த்தால், கணக்கு முடியும். ஆனால் அவன் கற்றுக்கொள்வது வேறாக இருக்கும்.

இதை நான் தவறு செய்துதான் கற்றேன். வேலையில் சேர்ந்த புதிதில், அச்சிட்ட தாள் ஒன்றில் இருந்தபடி, இடக்கையால் ஒரு சிறுமியின் தலையைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் எண்ணி எண்ணித் தேய்த்தேன். ஆறாவது வாரத்தில், என் அறைக் கதவைத் தூரத்தில் பார்த்ததுமே அவள் அழத் தொடங்கினாள். அவளுடைய உதட்டில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்கு நன்றாகப் பழகிப்போனது என் சட்டையின் நிறம் மட்டும்தான்.

தொடங்குவதற்கு முன்னால் சில காரணங்களை விலக்கிவிட வேண்டும். முதலாவது பல். சொத்தைப் பல்லோ வீங்கிய ஈறோ இருந்தால் எந்தப் பிள்ளையும் முகத்தைத் தொட விடாது. சொல்லத் தெரியாத பிள்ளை திருப்பிக்கொள்ளத்தான் செய்யும். பல் மருத்துவர் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் செய்துவிடுங்கள். காதுவலியும், சாப்பிட்டது நெஞ்சுக்கு எதிர்த்து வரும் எரிச்சலும் இதே போலத் தோன்றக்கூடியவை. எச்சிலைப் பொறுத்தவரை, பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு அது அதிகமாகச் சுரப்பதில்லை; விழுங்குவதுதான் குறைவாக நடக்கிறது. தலை முன்னால் தொங்குவதும், வாய் திறந்தே இருப்பதும், உதட்டில் ஈரம் இருப்பது தெரியாமலிருப்பதும் அதற்குத் துணைபோகின்றன. ஆனால் குளோனாசெபாம், குளோபசாம் போன்ற சில வலிப்பு மருந்துகள் எச்சில் சுரப்பையே கூட்டக்கூடியவை. உங்கள் மகனின் மருந்து எது என்று பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரு வேளையைக்கூட நிறுத்த வேண்டாம், ஏனென்றால் வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் வலிப்பு முன்னிலும் மோசமாக வரலாம்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது. தண்ணீரோ மைலோவோ குடித்தபின் அவன் குரல் தொண்டையில் நீர் நிற்பது போலக் கரகரக்கிறதா? குடிக்கும்போது கண் கலங்குகிறதா, இருமுகிறானா, மூச்சு வேகமாகிறதா? நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? ஒரு வேளை உணவு அரைமணி நேரத்துக்கு மேல் இழுக்கிறதா, எடை ஏறவில்லையா? இவற்றில் எது இருந்தாலும் உணவோ திரவமோ நுரையீரல் பக்கம் போகிறதா என்று சோதிக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு இருமலே இல்லாமல்கூட அப்படிப் போகும். விழுங்குவதை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை இதற்கென்று இருக்கிறது. அதுவரை, வாய்க்குள் எதையும் வைத்துச் சுவைக்கவைக்கும் பயிற்சிகள் வேண்டாம். முகத்தின் வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி செய்முறை. படுக்கவைத்துச் செய்யக் கூடாது. மல்லாந்த நிலையில் தலை பின்னுக்குச் சாய்ந்தால் வாய் அகலத் திறக்கும், உடல் விறைக்கும், ஊறும் எச்சில் தொண்டைக்குள் ஓடும். இடுப்பு நன்றாக மடங்கி, கால் அந்தரத்தில் தொங்காமல் ஒரு பலகையில் ஊன்றி, தலை நிமிர்ந்து, முகவாய் சற்றே கீழிறங்கியிருக்கும்படி உட்கார வையுங்கள். அவனுடைய சிறப்பு நாற்காலி இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் உங்கள் கணவர் மடியில், அவர் நெஞ்சு பையனுக்கு முதுகுத் தாங்கலாக இருக்கட்டும். நீங்கள் எதிரே, அவன் கண்மட்டத்தில் அல்லது அதற்கும் சற்றுத் தாழ்வாக உட்காருங்கள். நின்றுகொண்டு செய்தால் அவன் உங்களைப் பார்க்க நிமிர்வான். நிமிர்ந்தால் எல்லாம் கெட்டது. நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கழற்றியிருக்க வேண்டும், கை கதகதப்பாக இருக்க வேண்டும்.

முகத்தில் தொடங்காதீர்கள். நம் பாட்டிமார் பிள்ளையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரலை மடக்கி, கை வழியே நண்டு ஊரவிட்டு அக்குளில் முடிப்பார்களே, அந்த விளையாட்டில் இருக்கும் அறிவு இதுதான்: பழகிய இடத்திலிருந்து கூச்சமான இடத்துக்குப் படிப்படியாகப் போவது, அடுத்தது என்ன என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது. உங்கள் மகனுக்கும் உள்ளங்கையில் தொடங்குங்கள். பிறகு முன்கை, தோள், கழுத்தின் பக்கம், காதோரம். உள்ளங்கை முழுவதும் படும்படி, பதிந்த, நிலையான அழுத்தமாகத் தொடுங்கள். விரல்நுனியால் இறகு போலத் தடவுவது மென்மை என்று நாம் நினைக்கிறோம். கூச்சம் மிகுந்த பிள்ளைக்கு அது எறும்பு ஊர்வது போன்றது. நீங்கள் சப்பாத்தி மாவு பதம் பார்க்க உள்ளங்கையை வைத்து அழுத்துவீர்கள் அல்லவா, அதில் பாதி அழுத்தம் போதும்.

காதோரம் வரை அவன் அமைதியாக இருக்கும் நாளில், இரண்டு உள்ளங்கைகளையும் இரு கன்னங்களிலும் வைத்து அப்படியே நிறுத்துங்கள். ஐந்து எண்ணும் வரை அசைக்க வேண்டாம். அதை ஏற்றுக்கொண்டால், அடுத்த கட்டமாகக் காதின் முன்புறத்திலிருந்து வாய்முனையை நோக்கி மெதுவாக நகருங்கள். எவ்வளவு மெதுவாக என்றால், இந்த வயதுப் பிள்ளையின் கன்னம் காதிலிருந்து வாய்முனை வரை ஏறத்தாழ ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். அதைக் கடக்க இரண்டு மூன்று வினாடி ஆக வேண்டும். இந்தக் கணக்கு நான் கற்பித்துக்கொண்டதன்று. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதுதான் முழுமையாக விழித்துக்கொள்ளும் ஒருவகை மெல்லிய நரம்பிழைகள் நம் தோலில் உள்ளன என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தாய் தன்னையறியாமல் குழந்தையை வருடும் வேகமும் அதுவே. காணொளியில் பார்த்த வேகம் நிச்சயம் இதைவிட அதிகமாக இருந்திருக்கும்.

ஒரு முறை வருடியபின் கையை எடுத்துவிட்டு, ‘இன்னும் வேணுமா?’ என்று கேட்டு, பத்து எண்ணும் வரை காத்திருங்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளை பதில் சொல்ல நினைத்து அது உடலில் தெரிவதற்கு நேரம் பிடிக்கும். நாம் பெரும்பாலும் மூன்றாவது வினாடியிலேயே அடுத்ததைத் தொடங்கிவிடுகிறோம். கண் உங்கள் கைமேல் வந்தால், முகம் உங்கள் பக்கம் சாய்ந்தால், சத்தம் கொடுத்தால், அது சரி என்பதாகும். விரல்கள் விசிறி போல விரிவது, முதுகு வில்லாக வளைவது, முகம் சிவப்பது, திடீர் விக்கல், தொடர்ந்து கொட்டாவி, பார்வையை விலக்கிக்கொள்வது ஆகிய அனைத்தும் போதும் என்பதாகும். போதும் என்றால் உடனே நிறுத்தி, ‘சரி, போதும்’ என்று சொல்லுங்கள். அவன் மறுப்புக்கு நீங்கள் கட்டுப்படுகிறீர்கள் என்று தெரிந்தபின் பிள்ளைகள் அடுத்த நாள் இன்னும் ஒரு விரற்கடை அதிகம் அனுமதிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கையையே ஏற்காத ஒரு குழந்தை, பாட்டியின் பலமுறை துவைத்து நைந்த பருத்திச் சேலையின் முந்தானையை மட்டும் கன்னத்தில் ஏற்றுக்கொண்டது. இரண்டு வாரம் முந்தானைக்குள் கை இருந்தது, பிறகு முந்தானை விலகியது. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது ஒரு துணி இருக்கக்கூடும்.

உதட்டுக்கு வரும்போது, மேலுதட்டின் மேல் மூக்குக்கடியில் ஆள்காட்டி விரலைக் கிடையாக வைத்து மெல்ல அழுத்தி எடுப்பதும், கீழுதட்டுக்குக் கீழே அவ்வாறே செய்வதும் போதும். இழுக்கவோ கிள்ளவோ வேண்டாம். வாய்க்குள் விரலை விடவே வேண்டாம். பெருமூளை வாதம் உள்ள சில பிள்ளைகளுக்குப் பல்லில் எது பட்டாலும் தாடை தானாகக் கவ்விக்கொள்ளும். அது பிடிவாதம் ஆகாது, அவனால் விடுவிக்க முடியாத அனிச்சைச் செயல். கரண்டியோ பிரஷோ அப்படி மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இறுகும். தலையைச் சற்று முன்னால் கொண்டுவந்து, அமைதியாகக் காத்திருந்தால் தாடை தளரும். எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாக, குழிவு குறைந்த சிலிக்கோன் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விரலால் தாடையைத் தாங்கி வாயை மூட உதவும் பிடி ஒன்று உண்டு. அதை எழுத்தில் சொல்ல நான் விரும்பவில்லை. விரல் ஒரு சென்டிமீட்டர் இடம் மாறினால் நாக்கின் அடியை அழுத்திவிடும். சிகிச்சையாளர் உங்கள் முகத்தில் அதைச் செய்து காட்டி, பிறகு நீங்கள் அவர் முன்னிலையில் செய்து பழக வேண்டும்.

இதைத் தனிப் பயிற்சியாக நினைத்து நேரம் ஒதுக்குவதைவிட, ஏற்கனவே நடக்கிற காரியங்களோடு சேர்ப்பதே பயன் தரும். எச்சில் துடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஐம்பது முறை துடைக்கிறீர்கள் என்றால், அது ஐம்பது தூண்டல். இப்போது அநேகமாகப் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ கை வந்து, துண்டால் குறுக்கே இழுத்துவிட்டுப் போகிறது. இனிமேல் துண்டை அவனுக்குக் காட்டி, ‘துடைக்கப் போறேன்’ என்று சொல்லி, முகவாயில் பதித்து, கீழிருந்து மேலாக ஒற்றி, கீழுதடு மேலுதட்டைத் தொடும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி எடுங்கள். இழுக்காமல் ஒற்றினால் தோல் புண்ணாகாது. வாய் மூடும் உணர்வும் நாளுக்கு ஐம்பது முறை கிடைக்கும். நான் சொல்லும் அத்தனையிலும் ஒன்றை மட்டும் உங்களால் செய்ய முடியும் என்றால், இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

பல் துலக்குவதும் அப்படியே. உள்ளங்கை, தோள், கன்னம் என்று அதே வரிசையில் வந்தபின், சிறிய தலையுள்ள மெத்தென்ற பிரஷை வெளிப்பக்கப் பற்களில் மட்டும் வைத்து, உரக்கப் பத்து எண்ணி, பத்தில் கட்டாயம் எடுத்துவிடுங்கள். எப்போது முடியும் என்று தெரிந்த வேதனையைப் பிள்ளை பொறுத்துக்கொள்ளும். துப்பத் தெரியாதவனாகையால் பற்பசை ஒரு நெல்மணி அளவுக்கு மேல் வேண்டாம்.

காணொளியில் சொன்ன ஐஸைத் தவிர்த்துவிடுங்கள். தசை இறுக்கம் உள்ள பிள்ளைக்குத் திடீர்க் குளிர்ச்சி இறுக்கத்தைக் கூட்டும், திடுக்கிட வைக்கும். அதிரும் பிரஷை, வலிப்பு உள்ள பிள்ளைக்கு, அவனைப் பரிசோதித்த சிகிச்சையாளரும் மருத்துவரும் சொல்லாமல் பயன்படுத்தக் கூடாது. இணையத்தில் விற்கும், முகத்தில் ஒட்டி மின்சாரம் பாய்ச்சும் கருவிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உங்கள் மாமியார் எண்ணெய் தேய்ப்பதைக் குறித்து. அவர் கையின் பழக்கமும் பாசமும் இந்தப் பயிற்சிக்குப் பெரிய சொத்து. அவரை விலக்கிவிட்டு இதைச் செய்ய நினைக்காதீர்கள். கை கால்களுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டட்டும். ஆனால் மூக்கை நீவினால் கூர்மையாகாது, தாடையைப் பிடித்து இழுத்தால் வாய் நேராகாது. மூட்டுக்கு வலிதான் மிஞ்சும். மூக்கில் எண்ணெய் விடுவதும், தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பதும் ஒருபோதும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் இருமலைக்கூடத் தூண்டாமல் அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். கற்பூரமும் மென்தாலும் கலந்த தைலங்களை அவன் முகத்தருகே கொண்டுவர வேண்டாம். கற்பூரம் உடலுக்குள் சென்றால் வலிப்பைத் தூண்டவல்லது, முகத்தில் தடவியதோ எச்சிலோடு வாய்க்குள்தான் போகும். முகப் பயிற்சிக்கு எண்ணெய் தேவையும் இல்லை. வழுக்கும் கையால் பதிந்த அழுத்தம் தர முடியாது. ‘அத்தை, நீங்க கன்னத்தில கை வச்சு அஞ்சு எண்ணுங்க, அவன் எப்படிப் பார்க்கிறான்னு பார்ப்போம்’ என்று அவரிடமே பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். நீங்கள் இரவு ஷிப்டில் இருக்கும் நாள்களில் இது தடையில்லாமல் நடக்க அதுவே வழி. அப்படியே, தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் வரும் சொந்தக்காரர்கள் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவதையும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

நேரம் என்று கேட்டிருந்தீர்கள். பசியாறலுக்கு முன் ஐந்து நிமிடம், இரவு உணவுக்கு முன் ஐந்து நிமிடம். வயிறு நிறைந்திருக்கும்போது வேண்டாம். காய்ச்சல், வாய்ப்புண், கண்நோய், முகத்தில் சிரங்கு இருக்கும் நாள்களிலும், வலிப்பு வந்த நாளிலும் விட்டுவிடலாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டியதில்லை. ஒரு சிறிய நோட்டில், இன்று எதுவரை தொட முடிந்தது, எப்போது போதும் என்றான் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அதைப் புரட்டும்போது தோளிலிருந்து கன்னத்துக்கு வந்திருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். ஒன்றுமே நகரவில்லையென்றால் பிள்ளையைக் குறை சொல்ல வேண்டாம். முறையைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கு ஓரிரு வரி. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தசை தளர்ந்திருக்கும். அவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகளும் உறுதியற்றிருக்கும் என்பதால், தலையைப் பிடித்துத் திருப்பும், பின்னுக்கு வளைக்கும் எந்தப் பயிற்சியும் கூடாது. முகத்தூண்டலில் பலரும் மேற்கோள் காட்டும் அர்ஜெண்டினா மருத்துவர் காஸ்டில்லோ மொராலெஸ், வாயைத் தொடுவதற்கு முன் பிள்ளையின் முழு உடலும் உட்காரும் நிலையும் சீராக வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தவர். அவர் பெயரைச் சொல்லிப் பரவும் காணொளிகளில் அந்தப் பகுதிதான் முதலில் காணாமல் போகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நம் கையைவிட அவர்கள் கையே நல்லது; துண்டை அவர்களிடமே கொடுத்துக் கண்ணாடி முன் உட்கார வையுங்கள்.

பேச்சுக்கு மறுபடியும் வருகிறேன். நாம் பேசுவது அவனுக்குப் புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்; என் பார்வையில் உங்கள் கடிதத்தின் மிக நல்ல செய்தி அதுதான். வாய்ச்சொல் வரும்வரை அவன் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர், சோறு, வலி, போதும், இன்னும், வெளியே என்று ஆறு படங்களை ஒட்டிய அட்டையைப் பார்வையால் காட்டவைத்துப் பழக்கலாம். படத்தைக் காட்டிப் பழகினால் பிள்ளை பேசச் சோம்பல்படும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. தொடும்போதெல்லாம் கன்னம், நெற்றி, முகவாய் என்று தமிழிலேயே சொல்லுங்கள். ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லி யாராவது அறிவுரை சொல்லியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம். வீட்டில் எது இயல்பாக வருகிறதோ அதில்தான் பிள்ளைக்கு நிறையச் சொற்கள் காதில் விழும்.

உங்கள் வட்டார அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி, பினாங்கு பெரிய மருத்துவமனையில் பேச்சு சிகிச்சையாளரையும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் தொழில்வழி சிகிச்சையாளரையும் சேர்த்துப் பார்க்கக் கேளுங்கள். சந்திப்புகளுக்கு இடையே மாதங்கள் கடக்கலாம். ஆகவே முதல் சந்திப்பிலேயே, வீட்டில் செய்ய வேண்டியதை உங்கள் கையைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். தனியார் மையத்துக்குப் போவதாக இருந்தால், மலேசியாவின் 2016-ஆம் ஆண்டுத் துணை மருத்துவத் தொழிலர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். மாற்றுத்திறனாளிக்கான ஓகேயு அட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால் சமூகநல இலாகாவில் பதிந்துவிடுங்கள். அரசு மருத்துவமனைக் கட்டணச் சலுகைக்கும், அருகிலுள்ள பி.டி.கே. மறுவாழ்வு மையத்தில் சேர்வதற்கும் அது கைகொடுக்கும்.

போகும்போது உங்கள் நோட்டையும், மருந்துகளின் பெயர்ப் பட்டியலையும், அவன் சாப்பிடும்போது கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிடக் காணொளியையும் கொண்டுபோங்கள். மருத்துவமனையில் பயந்துபோய் வாயே திறக்காத பிள்ளைகள் உண்டு. காணொளியைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். காது முதல் தோள் வரையும், கரண்டி வரும் திசையும், விழுங்கும்போது கழுத்து அசைவதும் தெரிய வேண்டும். சத்தத்தை அணைத்துவிட வேண்டாம், தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிடுங்கள். விழுங்கியபின் அவன் குரல் எப்படி ஒலிக்கிறது என்பதைத்தான் நாங்கள் முதலில் கேட்போம்.